கேஷ் ஒன்று, கேஷ் இரண்டு

திருநெல்வேலி டவுனில் நான் வேலைக்குச் சேர்ந்த வங்கிக் கிளையில் கேஷ் கேபின் என்பது இரும்பு வலை அடித்த மரக்கூண்டு. உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிட வேண்டும். மாலையில் கணக்கு முடியும்வரை அதுதான் உலகம். எண்பதுகளின் தொடக்கம் அது. கணினி கிடையாது, நோட்டு எண்ணும் இயந்திரம் கிடையாது. ஒரு கிண்ணத்தில் ஈர ஸ்பாஞ்சு, ஒரு டப்பாவில் ரப்பர் பேண்டு, எண் பொறித்த பித்தளை டோக்கன்கள், ஸ்க்ரோல் எழுதுகிற நீளப் புத்தகம். நோட்டுக்கட்டுகளில் தடித்த கம்பியால் பின் அடித்திருப்பார்கள். அதைப் பிரித்து எண்ணித் திரும்ப அடித்து வைப்பதற்குள் கட்டைவிரல் நகத்தின் ஓரம் கிழிந்துவிடும். பின் அடிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001இல் கண்டிப்பாக உத்தரவிட்ட பிறகுதான் எங்கள் விரல்கள் பிழைத்தன.

அந்தக் கூண்டுக்குள் நாள் முழுக்கக் காதில் விழுந்த சொல் ஒன்றே ஒன்று. கேஷ் ஓப்பன் பண்ணியாச்சா, கேஷ் வந்தாச்சா, கேஷ் பத்துமா, கேஷ் டேலி ஆச்சா. ரொக்கம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் வாயால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வயலில் இருந்து நேரே வந்து நெல் விற்ற பணத்தைக் கட்டுகிறவர்கூட, ‘கேஷ் எங்கன கட்டணும் தம்பி?’ என்றுதான் கேட்பார்.

எங்கள் ஹெட் கேஷியரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தாடையில் வெற்றிலைக் கறை, சட்டைப்பையில் சிவப்பு நீலம் இரண்டு பேனா. ஒரு மாலை கணக்கு சரியாக முடிந்து, பெட்டிகளைப் பெட்டக அறைக்குள் வைத்து, இரண்டு சாவிகளையும் திருகிவிட்டு வெளியே வரும்போது சொன்னார்: “தம்பி, இந்தக் கேஷ்ங்கிற சொல்லு அவனுக்குள்ளது இல்ல, கேட்டியா? நம்ம காசுதான். வெள்ளைக்காரனுக்கு நாக்கு வளையல, கேஷ்னு ஆக்கிப்புட்டான்.”

உடம்பு சிலிர்த்தது எனக்கு. ஆங்கிலத்தில் எழுதிய லெட்ஜர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவனுக்கு, அந்த லெட்ஜரின் தலைப்பே தன் வீட்டுச் சொல் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்! கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் கப்பலேறிப் போன சொற்கள் என்று பள்ளியில் படித்திருந்தேன். அந்த வரிசையில் காசும் சேர்ந்துகொண்டது. அண்ணாச்சி சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடிப் போனபோதுதான், அந்த இன்னொரு பாதியும் அதே அளவு சுவையானது என்று கண்டேன்.

சில ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரிக்கு மாற்றலானேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் அங்கே நிறைய உண்டு. சொல்தா என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர், வெள்ளை வேட்டியும் தலையில் வட்டத் தொப்பியுமாக எங்கள் கிளைக்கு வருவார். முதல் நாள் கவுன்டர் முன்னால் நின்று, “கெஸ் எங்கப்பா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கை நீட்டி என் கூண்டைக் காட்டினார். “அதான், பணம் கட்டுற எடம்.”

பிறகு பழகியதும் விளக்கினார். பிரான்சில் எந்தக் கடைக்குப் போனாலும் பணம் கட்டும் இடத்துக்கு மேல் ‘கெஸ்’ என்று எழுதியிருக்குமாம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “பெட்டி” என்றார் சட்டென்று. “ஆப்பிள் வர்ற மரப்பெட்டியும் கெஸ்தான். கடைக்காரன் பணம் போடுற பெட்டியும் கெஸ்தான். அந்தப் பெட்டி இருக்குற எடமும் கெஸ்தான்.”

அந்த வாரமே ரோமன் ரோலன் நூலகத்துக்குப் போனேன். 1827இல் தொடங்கிய நூலகம் அது. அகராதிகளை மேசை மேல் அடுக்கிவைத்து நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நூலக ஊழியர் நினைத்திருக்க வேண்டும். அன்று படித்ததும் அதன்பின் பல காலம் படித்ததுமாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

லத்தீனில் ‘காபெரே’ என்றால் பிடித்தல், கொள்ளுதல். அதிலிருந்து ‘காப்ஸா’, அதாவது பொருளைக் கொள்ளும் பெட்டி. ரோமானியர்கள் சுருட்டிய ஏடுகளை வைத்துக்கொள்ளும் உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். இத்தாலியில் அது ‘காஸ்ஸா’ ஆனது, பிரான்சில் ‘கெஸ்’. வணிகமும் கணக்கெழுதும் முறையும் இத்தாலிய நகரங்களில் தழைத்த காலத்தில் வியாபாரியின் பணப்பெட்டிதான் காஸ்ஸா. அங்கிருந்தும் பிரான்சிலிருந்தும் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொல் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. நுழையும்போது கேஷ் என்றால் பணப்பெட்டி. அதோடு அந்தப் பெட்டியில் இருக்கிற பணமும். கொஞ்ச காலம் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் குடியிருந்தன. 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி கழன்றுகொண்டது, பணம் மட்டும் மிஞ்சியது.

இதே காப்ஸாவின் பிள்ளைகள் நம் வீட்டிலும் நடமாடுகின்றன. மருந்துக்கடையில் வாங்கும் காப்ஸ்யூல் என்றால் சின்னப் பெட்டி. சூட்கேஸில் இருக்கும் கேஸும் பெட்டி. (நீதிமன்றத்துக் கேஸ் வேறு, அதன் வேர் ‘விழுதல்’ என்ற பொருளுடையது.) எண்பதுகளில் தெருவுக்குத் தெரு இளையராஜா பாட்டைப் பதிவு செய்து கொடுத்தார்களே, அந்தக் கேசட்டும் பிரெஞ்சுக்காரரின் குட்டிப் பெட்டிதான்.

பெட்டி எப்படிப் பணமாக மாறும் என்று நினைப்பவர்கள் நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்து கேட்க வேண்டும். கல்லா என்பது கடைக்காரர் பணம் போடும் பெட்டி. வடக்கேயிருந்து வந்த சொல். ‘கல்லாவுல உக்காரு’ என்றால் அந்த இடம். ‘இன்னைக்கு நல்ல கல்லா’ என்றால் பணம். பெட்டி, பணம், பணம் வாங்கும் இடம் மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. சொல்தா ஐயா கெஸ் என்ற சொல்லுக்குச் சொன்ன அதே மூன்று பொருள்! ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட மாற்றத்தைத் திருநெல்வேலி அல்வாக் கடையில் ஒரு மாலைப்பொழுதில் காதால் கேட்டுவிடலாம்.

உண்டியலும் அப்படித்தான். வங்கி ஊழியர்களைக் கோயில் உண்டியல் எண்ணக் கூப்பிடுவார்கள். நான் பலமுறை போயிருக்கிறேன். முருகன் கோயில் ஒன்றின் மண்டபத்தில், அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிலையில் முத்திரையை உடைத்து, உண்டியலைத் திறந்து, விரித்த பாயில் கொட்டுவார்கள். நோட்டுகள் மடித்தும் சுருட்டியும் மஞ்சள் துணியில் முடிந்தும் இருக்கும். அதனூடே வெள்ளிக் கண், வெள்ளிக் கால், தாலிப் பொட்டு, பரீட்சை நம்பர் எழுதிய காகிதம், கல்யாணம் நடக்க வேண்டும் என்று எழுதிய கடிதம். நாணயங்களைச் சல்லடையில் சலித்து வகை பிரிப்போம். கை முழுக்க விபூதியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிவிடும். சாயங்காலம் யாராவது, ‘இந்தத் தடவை உண்டியல் எவ்வளவு?’ என்பார்கள். எத்தனை பெட்டி என்று அதற்கு யாரும் பொருள் கொள்வதில்லை. தொகையைத்தான் சொல்வோம். இதே உண்டியல் பழைய செட்டியார்களின் கணக்கில் ஓரூரில் பணம் கட்டி இன்னோரூரில் வாங்கிக்கொள்ளும் சீட்டுக்கும் பெயர். இன்றும் சிங்கப்பூர், மலேசியா, இலங்கைத் தமிழர்கள் வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் அனுப்புவதை உண்டியல் என்றே சொல்கிறார்கள்.

ஆக, வங்கியில் புழங்கும் கேஷ் ஒரு பெட்டியிலிருந்து வந்தது. அண்ணாச்சியின் காசு எங்கே போனது?

அதற்கு எங்கள் ஆச்சியிடம் போக வேண்டும்.

நான் நாகர்கோவில்காரன். கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவன் நான். ஆச்சிக்கு அந்த இணைப்பு நடந்து பல காலம் ஆன பிறகும் பணம் என்றால் சக்கரம்தான். “கையில சக்கரம் இல்ல மக்களே, நாளைக்கு வாங்கித் தாறேன்” என்பாள். அவளுடைய மரப்பெட்டியில், பட்டுச்சேலைகளுக்கு அடியில், துணியில் முடிந்த பழைய திருவிதாங்கூர் நாணயங்கள் இருந்தன. மழை நாட்களில் எடுத்துப் பரப்பிக் கணக்குச் சொல்லித் தருவாள். பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபா. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு? விரல் விட்டு எண்ணித் தோற்றுப்போய் ஆச்சி முகத்தைப் பார்ப்பேன். “நானூத்தி நாப்பத்தெட்டு” என்பாள் வெற்றிலையை மடித்தபடி.

வெள்ளிச் சக்கரம் மிகச் சின்னது, மிளகைத் தட்டையாக்கினாற்போல இருக்கும். அதைக் கையால் எண்ண முடியாது என்று சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். மரப்பலகையில் வரிசை வரிசையாகக் குழிகள். நாணயங்களை அள்ளிக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டால் பலகையில் இருப்பது சரியான எண்ணிக்கை. பிற்காலத்தில் எங்கள் கிளைக்கு முதல் நோட்டு எண்ணும் இயந்திரம் வந்து, விர்ரென்று நூறு எண்ணி நின்றபோது, எல்லோரும் வாய்பிளந்து நிற்க, எனக்குச் சக்கரப் பலகைதான் நினைவுக்கு வந்தது. ஒரு நாணயத்தைத் தொடாமலே எண்ணி முடித்த அந்தத் தச்சரின் அறிவு எவ்வளவு பெரிது!

அந்த முடிச்சில் செப்புக் காசுகளும் இருந்தன. அவற்றில் சிலவற்றின் மேல் ஆங்கில எழுத்தில் கேஷ் என்றே பொறித்திருந்தது. நாலு கேஷ், எட்டு கேஷ். சிறுவயதில் அதைப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. நூலகத்தில் அகராதியைப் புரட்டியபோது அந்தச் செம்பு கண்முன்னே வந்து நின்றது. இந்தக் கேஷ் பெட்டி இல்லை. இது காசு.

இது நடந்த விதம் இப்படி. தெற்கே வந்து இறங்கிய போர்ச்சுக்கீசியர்கள் கடைத்தெருவில் காசு என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கு ‘காய்ஷா’ என்று பெயர். அதுவும் அதே லத்தீன் காப்ஸாவின் வழி வந்ததுதான். கேட்ட ஒலியை, தங்களிடம் ஏற்கெனவே இருந்த சொல்லின் உருவத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அந்தக் காய்ஷாவை ஆங்கிலேயர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி கேஷ் என்றார்கள். இதற்குள் இங்கிலாந்தில் பணப்பெட்டிக் கேஷும் நிலைகொண்டுவிட்டது. வேறு வேறு வேரில் முளைத்த இரண்டு சொற்கள் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, ஏறக்குறைய ஒரே பொருள் என்று வந்து நின்றன. சென்னைக் கோட்டையில் கணக்கெழுதிய கும்பினிக் குமாஸ்தா ஒரே பக்கத்தில் இரண்டு கேஷையும் எழுதியிருக்கலாம். கையிருப்பு என்ற பொருளில் ஒன்று, செப்புச் சில்லறை என்ற பொருளில் ஒன்று.

கும்பினியின் சென்னைக் கணக்கு ஆச்சியின் கணக்கைவிடக் கடினம். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாயைச் சென்னை மாகாணத்தின் நாணயமாக்கியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம் வைத்தார்கள். அதுவரை இந்த முப்படிக் கணக்கைச் சுமந்து மாலையில் டேலி பார்த்த சென்னைக் கணக்கப்பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. நாங்கள் ரூபாயும் பைசாவும் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு அலுத்துக்கொண்டோம்!

அந்தக் காசு பிர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் அச்சாகிக் கப்பலில் வந்தது. 1808ஆம் ஆண்டு பொறித்த பத்துக் காசும் இருபது காசும் டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரமே, குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தச் செம்பை அள்ளி எடுத்தார்கள். உலகம் முழுக்க நாணயம் சேர்ப்பவர்களிடம் அது இன்று கிடைக்கிறது. நானும் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கும்பினி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் பத்து, கூடவே கேஷ். கடலுப்பு தின்றும் எழுத்து தெளிவாக இருக்கிறது. டவுன் கடைத்தெருவிலும் மயிலாப்பூரிலும் கைமாறியிருக்க வேண்டிய செம்பு, ஒரு கத்தரிக்காய்க்குக்கூடச் செலவாகாமல் என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தச் செய்தியெல்லாம் புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல. 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் கேஷ் என்ற தலைச்சொல்லின் கீழ் தமிழ்க் காசுக்கும் போர்ச்சுக்கீசியக் காய்ஷாவுக்கும் உள்ள தொடர்பு எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், சென்னை மாகாணத்தில் சிவில் ஊழியராக இருந்தவர், தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றியவர். நூல் அச்சாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனார்.

காசு என்ற சொல் கப்பலேறி நம் கரையோடு நிற்கவும் இல்லை. நடுவில் சதுர ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து வைத்திருக்கும் சீனச் செப்பு நாணயத்தை ஆங்கில நூல்கள் இன்றும் கேஷ் என்றே குறிப்பிடுகின்றன. சீனருக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர்கள் மொழியில் வேறு பெயர். கிழக்கே போன ஐரோப்பிய வணிகர்கள், தென்னிந்தியாவில் கற்ற பெயரைச் சின்னக் காசு எல்லாவற்றுக்கும் சூட்டிக்கொண்டே போனார்கள்.

நம்மிடத்தில் அதன் வயது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு கிளியைக் காட்டுகிறார். அதன் வளைந்த அலகில் ஒரு வேப்பம்பழம். பொன் அணிக்குப் புது நூல் கோக்கிறவனின் கூரிய நகங்களுக்கு இடையே பிடித்த பொற்காசுபோல அது இருக்கிறது என்கிறார். நாளெல்லாம் காசை விரலால் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நகத்துக்கும் காசுக்கும் உள்ள உறவை இத்தனை கூர்மையாகப் பார்த்த கண் வேறு இல்லை. அந்தக் காசு செலவழிக்கும் நாணயம் அல்ல, கோத்து அணிகிற பொன் வட்டம். காசுமாலையில் இன்றும் அது தொடர்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வந்தால் காசு முழுமையாகப் பணமாகிவிடுகிறது. ராஜராஜன் காலத்தில் கோயிலிடம் கடன் வாங்கிய ஊர்ச்சபைகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. நான் கடன் பிரிவில் இருந்தபோது பல ஆண்டுகள் எழுதிய வட்டி விகிதமும் ஏறத்தாழ அங்கேதான் ஊசலாடிக்கொண்டிருந்தது.

வடமொழியின் ‘கர்ஷ’ என்ற எடையின் பெயரோடு காசைத் தொடர்புபடுத்துகிற அகராதிகள் உண்டு. அதனால் எனக்கு ஒன்றும் குறைவில்லை. தமிழ் இலக்கணக்காரர்கள் வெண்பாவின் கடைசிச் சீருக்கு வைத்த நான்கு வாய்பாடுகளில் ஒன்று காசு. நாள், மலர், காசு, பிறப்பு. திருக்குறளின் ஒவ்வொரு குறளும் இந்த நான்கில் ஒன்றில்தான் முடிகிறது. இவ்வளவு வீட்டுக்குள் வந்துவிட்ட சொல்லை வேறெங்கும் கொண்டுபோய் விட முடியாது.

இந்தத் தேடலில் வழியில் விழுந்த கதைகளும் உண்டு. நாகர்கோவில் பக்கம், மலையாளக் கரை முழுக்கவே, முந்திரிக்கு ஆங்கிலத்தில் கேஷ்யூ என்று பெயர் வந்த கதை ஒன்றைச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் விலை கேட்டானாம், விற்றவள் ‘காசுக்கு எட்டு’ என்றாளாம், அதுவே கேஷ்யூநட் ஆனதாம். அண்டிப்பருப்பு ஆலையில் தோல் உரித்துக் கை வெந்த பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க இன்பமான கதை. ஆனால் அந்த மரம் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. பெயரும் அங்குள்ள துப்பி மக்களின் ‘அகாஜு’ என்ற சொல்லிலிருந்து கூடவே வந்தது. நம் மொழி இவ்வளவு வைத்திருக்கும்போது இல்லாததைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கேஷ் விஷயத்திலும் என் வருத்தம் அதுவே. உலகத்து வங்கிகளில் எல்லாம் புழங்கும் கேஷ் தமிழ் என்று சொல்லும் ஆர்வத்தில், உண்மையிலேயே தமிழான கேஷை, கப்பலேறிச் சீனம் வரை போன அந்தச் செம்பை, பேசாமல் விட்டுவிடுகிறோம்.

கேஷியர் என்ற சொல்லையும் தேடிப் பார்த்தேன். பெட்டியைக் காப்பவர் என்ற பொருளில் கேஷின் உடன்பிறப்புதான். ஆங்கிலத்தில் இன்னொரு கேஷியர் உண்டு. ராணுவ அதிகாரியை மானம் போக வேலையிலிருந்து நீக்குவதை அந்த வினைச்சொல் குறிக்கும். அது உடைத்தல், செல்லாமலாக்கல் என்ற பொருளுள்ள வேறு வேரிலிருந்து டச்சு வழியாக வந்தது. ஒரே ஒலியில் ஒருவர் பெட்டிக்குக் காவல், இன்னொருவர் பதவி பறிபோனவர். பத்து ரூபாய் குறைந்தாலும் கைக்காசைப் போட்டு ஈடு கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் கேஷியர்களுக்கு இந்த அண்டைவீட்டுச் சொல்லின் உறுத்தல் நன்றாகத் தெரியும்.

1967 ஜூன் 27 அன்று லண்டனின் வடபகுதியில் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி சுவரில் முதல் பணம் வழங்கும் இயந்திரத்தைத் திறந்தது. அதற்குக் காரணமான ஜான் ஷெப்பர்ட்-பாரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆங்கிலேயர் அதைக் கேஷ் மெஷின் என்பார்கள், நாம் ஏடிஎம் என்போம். எங்கள் கிளைக்கு அது வந்தபோது பணம் நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. இயந்திரத்தின் வயிற்றைத் திறந்தால் உள்ளே இழுப்பறைபோல் பெட்டிகள். நூறுக்கு ஒன்று, ஐநூறுக்கு ஒன்று. அந்தப் பெட்டிக்கு வங்கியில் என்ன பெயர் தெரியுமா? கேசட். கேசட்டில் கேஷ் வைக்கிறோம். இருநூறு ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்த பெட்டியும் பணமும் ஒரு இரும்பு அலமாரிக்குள் சேர்ந்துவிட்டன. இதை முதன்முதல் கவனித்த இரவு, கூட வந்த காவலரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொறுமையாகக் கேட்டார் அவர்.

2016 நவம்பர் 8 இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த நோட்டு மதிப்பில் 86 சதவீதம் அது. ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த நான் மீண்டும் கவுன்டரில் உட்கார்ந்தேன். வந்த புது நோட்டின் அளவு வேறு என்பதால் ஏடிஎம் கேசட்டுகளையெல்லாம் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. வெளியே வெயிலில் வரிசை. ‘கேஷ் இல்லை’ என்று அட்டையில் எழுதி மாட்டும்போது கை நடுங்கும். மகளுக்குப் பிரசவம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தவரிடம் அந்த அட்டையைக் காட்ட யாருக்கு மனம் வரும்?

அந்த நாட்களில் வயதான பெண்கள் நிறைய வந்தார்கள். மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்து நோட்டை நீட்டுவார்கள். சிலவற்றில் கடுகு வாசனை, சிலவற்றில் பெருங்காயம். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மகனுக்கும் கணவனுக்கும் தெரியாமல் இருந்த பணம். சுருங்கிப்போன நோட்டை நீவி எடுக்கும்போது அவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெட்டியில் இருக்கும்வரை அது அவர்களுடைய பணம். என்னிடம் வந்ததும் ஒரு கணக்கில் ஏறிய எண். அந்த எண்ணைத் திரும்ப எடுக்க இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பதுதான் கேஷ் என்று அன்றைய இத்தாலிய வியாபாரிக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இன்று கடையில், ‘கேஷா, ஜிபேயா?’ என்று கேட்கிறார்கள். முன்பு கடன் இல்லை என்றால் கேஷ். பிறகு காசோலை இல்லை என்றால் கேஷ். அப்புறம் அட்டை இல்லை என்றால். இப்போது போன் இல்லை என்றால். எதிரே நிற்பது மாற மாற அந்தச் சொல்லின் பொருளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதைக் கவுன்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும் நண்பர், ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களை ஒரு பெரிய அட்டையில் எழுதி மாட்டப்போவதாகச் சொல்லி என்னிடம் பட்டியலைக் காட்டினார். கட்டுமரம் இருந்தது, சுருட்டு இருந்தது, மூன்றாவதாகக் காசு. “இதை எடுத்துடவா அண்ணே?” என்று கேட்டார், என் கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால். எடுக்க வேண்டாம், இரண்டாக எழுதுங்கள் என்றேன். பெரிய ஆங்கில அகராதிகளும் அப்படித்தான் எண் போட்டுப் பிரித்திருக்கின்றன. கேஷ் ஒன்று: பெட்டியிலிருந்து வந்தது, கைப்பணம். கேஷ் இரண்டு: தமிழ்க் காசிலிருந்து வந்தது, செப்பு நாணயம்.

பிள்ளைகளுக்கு அதை விளக்கச் சொல்லி என்னையே அழைத்தார். ஆச்சியின் திருவிதாங்கூர்ச் செம்பையும் கப்பலில் மூழ்கிய பத்துக் காசையும் கொண்டுபோய்க் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, “காசு போச்சுன்னா, பணம் போகலியா சார்?” என்று கேட்டாள். போயிருக்கிறது அம்மா என்றேன். ஆங்கிலேயர் அதை ‘ஃபனம்’ என்று எழுதினார்கள், நாணயவியல் புத்தகங்களில் இன்றும் அந்தப் பெயர்தான். ‘ப’ எப்படி ‘ஃப’ ஆனது என்று அவள் அடுத்த கேள்வியைப் போட்டாள். அராபிய வணிகர் நாவுக்குப் பகரம் வராது என்பதிலிருந்து தொடங்கினேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.